லினக்ஸ் கேள்வி–பதில்: திரையில் வரைவது யார்?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரே புகார்: "கிராபிக்ஸ் டிரைவர் ஸ்லோ." பிரித்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோளாறு. சில மெஷின்களில் டிரைவர் மெதுவாக ஓடவில்லை, ஓடவே இல்லை. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம் உள்ள டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டிருக்கிறேன். விண்டோவைப் பிடித்து இழுத்தால் மவுஸுக்குப் பின்னால் தயங்கித் தயங்கி வருகிறது. யூடியூப் ஓடினால் நான்கு கோரும் 100 சதவீதம். லினக்ஸுக்கான இன்டெல் டிரைவரை எங்கே இறக்குவது? — பள்ளிக் கணினி ஆசிரியை

பதில்: எங்கிருந்தும் இறக்க வேண்டாம். அந்த டிரைவர் இரண்டு துண்டாக உங்கள் மெஷினிலேயே இருக்கிறது. ஒரு துண்டு, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்குள் இருக்கும் ஐ915. இன்னொன்று மீசா. படம் வரையச் சொல்லிப் புரோகிராம்கள் ஓப்பன்ஜிஎல் என்ற பொது மொழி வழியாகக் கேட்பதை, சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றித் தருவது மீசாவின் வேலை. கர்னல் துண்டு எழும்பாவிட்டால் மீசா கையை விரித்துவிடாது. பிராசசரை வைத்தே படம் வரைய உட்கார்ந்துவிடும். அந்த மாற்று ஏற்பாட்டுக்கு எல்எல்விஎம்பைப் என்று பெயர். திரை வரும், மெனு திறக்கும், குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் விண்டோவின் நிழல் உட்பட ஒவ்வொரு புள்ளியையும் பிராசசர் கணக்குப் போட்டு வரைந்துகொண்டிருக்கும். நான்கு கோரும் நிரம்புவதற்கு இதுதான் காரணமாக இருக்கும்.

உறுதி செய்துகொள்ள மீசா-யூட்டில்ஸ் பேக்கேஜைப் போட்டு, "ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ", ஓர் இடைவெளி, மைனஸ், பெரிய பி என்று கட்டளை கொடுங்கள். வரும் பத்து இருபது வரிகளில் ஓப்பன்ஜிஎல் ரெண்டரர் ஸ்ட்ரிங் என்ற ஒரு வரி போதும். அங்கே "மீசா இன்டெல் எச்டி கிராபிக்ஸ் 4600" என்பது போல வந்தால் சிப்தான் வரைகிறது. எல்எல்விஎம்பைப் என்று வந்தால் பிராசசர் வரைகிறது. பல் சக்கரம் சுற்றும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸை வைத்து வேகம் பார்க்காதீர்கள். அது மானிட்டரின் வேகத்தோடு சேர்ந்து ஓடுவதால், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் பெரும்பாலும் எந்தக் கார்டிலும் 60 என்றே காட்டி நிற்கும்.

எல்எல்விஎம்பைப் என்று வந்துவிட்டால், அடுத்து "கேட்" கட்டளையால் ப்ராக் அடைவில் இருக்கும் சிஎம்டிலைன் கோப்பைப் பாருங்கள். கர்னல் எழும்பும்போது அதற்குக் கொடுத்த சொற்கள் ஒரே வரியில் வரும். அதில் "நோமோட்செட்" என்ற சொல் இருந்தால் ஆளைப் பிடித்துவிட்டோம். இன்ஸ்டால் செய்யும்போது திரை கருத்துப்போனால் எல்லோரும் சொல்லும் கைவைத்தியம் அது. கிராபிக்ஸ் சிப்பைத் தொடாதே என்று கர்னலுக்குச் சொல்லும் உத்தரவு. அவசரத்துக்குச் சேர்த்ததை எடுக்க மறந்தால், மெஷின் ஆயுள் முழுக்க அந்த உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து கிடக்கும்.

நேராகக் கோப்பில் கை வைக்காமல் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். கணினி எழும்பும்போது எஸ்கேப் விசையை (பழைய பயாஸ் மெஷின் என்றால் ஷிஃப்டை) அழுத்தினால், கர்னலை எழுப்பிவிடும் க்ரப் புரோகிராமின் மெனு வரும். "ஈ" விசையைத் தட்டுங்கள். லினக்ஸ் என்று தொடங்கும் வரியிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் அழித்து எஃப்10 அழுத்துங்கள். திரை சரியாக வந்தால் நல்லது. கருத்துப்போனால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், பழையபடியே வரும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்குத்தான். ஒத்திகை தேறிய பிறகு, ஈடிசி அடைவுக்குள் டிஃபால்ட் அடைவில் இருக்கும் க்ரப் கோப்பிலிருந்து சொல்லை நீக்கி, "சூடோ அப்டேட்-க்ரப்" கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

நோமோட்செட் இல்லாமலேயே எல்எல்விஎம்பைப் வந்தால், ஈடிசி அடைவின் எக்ஸ்11 பகுதியில் பழைய ஸோர்க் டாட் கான்ஃப் கோப்பு கிடக்கிறதா பாருங்கள். அதில் வெசா அல்லது எஃப்பிடெவ் என்ற பொது டிரைவரின் பெயர் எழுதியிருந்தால் கோப்பின் பெயரை மாற்றி வையுங்கள். இன்றைக்கு உங்கள் மாதிரி மெஷினுக்கு அந்தக் கோப்பே தேவையில்லை. இணையத்தில் ஐ965 டிரைவரை அமைக்கும் பழைய குறிப்புகள் நிறைய உலவுகின்றன, அவற்றையும் தவிருங்கள். 2022-இல் வந்த மீசா 22.0 அந்த டிரைவரையே கழற்றிவிட்டது. உங்கள் நான்காம் தலைமுறைக்கு க்ரோகஸ், ஐந்துக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் ஐரிஸ் என்று மீசா தானாகவே தேர்ந்துகொள்ளும்.

கேள்வி: ஜிடி 730 கார்டு வைத்திருக்கிறேன். லினக்ஸோடு வரும் திறந்த மூல நுவோ டிரைவரில் எதுவும் நகரவில்லை. நண்பரிடமும் ஜிடி 730தான், அவர் என்விடியாவின் 470 டிரைவர் போட்டு நன்றாக ஓட்டுகிறார். எனக்கு அதே 470, கார்டை ஏற்கவே மாட்டேன் என்கிறது. கார்டு போலியா? — அச்சக வடிவமைப்பாளர்

பதில்: போலியாக இருக்க வேண்டியதில்லை. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்புகளை விற்றார்கள். ஒன்று ஃபெர்மி காலத்து ஜிஎஃப்108, 96 கோர். மற்றது கெப்ளர் காலத்து ஜிகே208, 384 கோர். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வைத்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். "எல்எஸ்பிசிஐ" கட்டளையில் விஜிஏ என்ற வரியைப் பாருங்கள், அடைப்புக்குறிக்கு முன்னால் சிப்பின் பெயர் இருக்கும். இந்த இரண்டில் 470 டிரைவர் கெப்ளரைத்தான் ஏற்கும். ஃபெர்மிக்குக் கடைசி டிரைவர் 390. அதற்கான ஆதரவை என்விடியா 2022 முடிவோடு நிறுத்திவிட்டது. புதிய கர்னல்களில் அது கம்பைல் ஆகாமல் முரண்டு பிடிக்கும். உங்களிடம் இருப்பது ஃபெர்மி என்றே தோன்றுகிறது.

நுவோ ஏன் நகரவில்லை என்பதற்கு வேறு காரணம். இந்தக் கார்டுகள் மின்சாரம் வந்ததும் குறைந்த கடிகார வேகத்தில் எழும்பும். வேலை வந்ததும் வேகத்தை ஏற்றிவிடுவது டிரைவரின் பொறுப்பு. நுவோ பெரும்பாலான பழைய கார்டுகளை எழும்பிய வேகத்திலேயே விட்டுவிடுகிறது, முதல் கியரிலேயே ஓடும் பேருந்து மாதிரி. கெப்ளரில் கையால் கியர் மாற்றலாம். சிஸ் அடைவில் கர்னல், டீபக், டிஆர்ஐ, 0 என்று இறங்கினால் பிஸ்டேட் என்றொரு கோப்பு இருக்கும். ரூட்டாக அதைத் திறந்தால் 07, 0ஏ, 0எஃப் என்பது போல நிலைகள் தெரியும், ஏசி என்று தொடங்கும் கடைசி வரியில் இப்போதைய வேகம். 0எஃப் என்று அந்தக் கோப்புக்குள் எழுதினால் முழு வேகம் கிடைக்கும். மெஷின் உறைந்துபோகவும் வாய்ப்புண்டு, எனவே திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுச் செய்யுங்கள். ஃபெர்மியில் இந்த வழியை நம்ப முடியாது.

ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டு வைத்திருப்பவர்கள் இதை முயல வேண்டாம். அவற்றில் வேகத்தை மாற்ற என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் வேண்டும், நுவோவுக்கு அது கிடைக்கவில்லை. அந்தக் கார்டுகளுக்கு என்விடியாவின் சொந்த டிரைவர்தான் வழி. 580 டிரைவர் வரிசையே அவற்றுக்குக் கடைசி. 16, 20 வரிசை முதல் கதை மாறுகிறது. கார்டுக்குள்ளேயே இருக்கும் ஜிஎஸ்பி என்ற சிறு பிராசசர் வேகத்தைக் கவனித்துக்கொள்ளும், கர்னல் 6.7 முதல் நுவோவால் அதனுடன் பேச முடிகிறது.

உங்கள் பிராசசர் ஆறாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்குப் பிந்தியதாக, உள்ளமைந்த கிராபிக்ஸுடன் இருந்தால், கார்டைக் கழற்றி வைத்துவிட்டு கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். ஃபெர்மி ஜிடி 730-க்காக மல்லுக்கட்டுவதைவிட அது நிம்மதி.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 3050, உபுண்டு 24.04, கூடவே விண்டோஸ். கர்னல் அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் செய்ததிலிருந்து திரை கட்டம் கட்டமாக, எல்லாம் ஆமை வேகம். என்விடியா-எஸ்எம்ஐ "டிரைவருடன் தொடர்புகொள்ள முடியவில்லை" என்கிறது. டிரைவரை மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன். — பொறியியல் மாணவர்

பதில்: நான்காம் முறை போடாதீர்கள். டிரைவர் பேக்கேஜ் இருக்கிறது, அதன் கர்னல் மாட்யூல்தான் ஏறவில்லை. என்விடியா பேக்கேஜ் நுவோவையும் தடை செய்து வைத்திருக்கும். ஆகவே இரண்டும் இல்லாமல், மேலே ஆசிரியைக்குச் சொன்ன எல்எல்விஎம்பைப் வந்து உட்கார்ந்துவிட்டது.

மாட்யூல் ஒவ்வொரு கர்னலுக்கும் தனித்தனியாகக் கட்டப்பட வேண்டியது. டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு கர்னல் மாறும்போதெல்லாம் அதைக் கட்டிவிடும், அந்தக் கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இருந்தால் மட்டும். "டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்" கொடுங்கள். "யூநேம் மைனஸ் ஆர்" காட்டும் கர்னல் எண்ணுக்கு எதிரே இன்ஸ்டால்டு என்று இருக்க வேண்டும். பழைய கர்னல் எண் மட்டும் இருந்தால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக் பேக்கேஜைப் போடுங்கள் (கர்னல் 6.8-ஐவிடப் புதியது என்றால் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-24.04). குறிப்பிட்ட எண்ணுள்ள ஹெடரைப் போட்டால் அடுத்த அப்டேட்டில் இதே பாடு மறுபடி. ஜெனரிக் என்றால் கர்னலோடு சேர்ந்தே வந்துகொண்டிருக்கும்.

இன்ஸ்டால்டு என்றே காட்டினால், "சூடோ மோட்ப்ரோப் என்விடியா" என்று தட்டி அது சொல்லும் பதிலைப் படியுங்கள். "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்" என்று வந்தால், தெரியாத கையொப்பமுள்ளதை ஏற்றவிடாத செக்யூர் பூட் தடுக்கிறது. உங்கள் மெஷினிலேயே கட்டிய மாட்யூலில் இருக்கும் கையொப்பத்தை மதர்போர்டுக்குத் தெரியாது, தெரிவிக்க வேண்டும். "சூடோ மோக்யூட்டில் மைனஸ் மைனஸ் இம்போர்ட்" என்று தட்டி, வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்ற அடைவுகளுக்குள் இருக்கும் மோக் டாட் டெர் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். கோப்பின் பெயரில் மோக் என்பது பெரிய எழுத்து. பாஸ்வேர்டு ஒன்று கேட்கும். எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதை மறுபடி தட்டும் இடத்தில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், குறியீடுகள் இடம் மாறலாம்.

ரீஸ்டார்ட் செய்ததும் ஒரு நீலத் திரை வரும். பத்து விநாடிதான் காத்திருக்கும், டீ எடுக்கப் போய்விடாதீர்கள். ஏதாவது ஒரு விசையைத் தட்டி, என்ரோல் மோக், கன்டினியூ, யெஸ், பாஸ்வேர்டு, ரீபூட் என்று வரிசையாகப் போங்கள். தவறவிட்டால் மெஷின் சாதாரணமாக எழும்பிவிடும், மோக்யூட்டிலை மறுபடி ஓட்ட வேண்டியதுதான். செக்யூர் பூட்டையே அணைத்துவிட்டால் ஒரே நிமிடத்தில் முடியும் என்று சொல்வார்கள். முடியும். ஆனால் விண்டோஸில் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டு போட்டிருந்தால் அது அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கலாம். சாவி கையில் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால், "சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால்" வழியாகப் போடுங்கள். உபுண்டுவே கையொப்பமிட்டுத் தரும் தயார் மாட்யூல்கள் இருந்தால் அது அவற்றையே எடுக்கும். என்விடியா தளத்திலிருந்து இறக்கும் ரன் கோப்பை இதற்கு மேல் ஏற்றாதீர்கள். பேக்கேஜ் மேனேஜருக்குத் தெரியாமல் கோப்புகளை மாற்றி வைப்பதால், பிறகு எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: புதிதாக ஆர்எக்ஸ் 6600 வாங்கி மாட்டினேன். ரெண்டரர் வரியில் இன்டெல் யூஎச்டி என்றே வருகிறது. கேமும் முன்போலவே திணறுகிறது. — பட்டயக் கணக்காளர்

பதில்: எச்டிஎம்ஐ கேபிள் எங்கே செருகியிருக்கிறது? மதர்போர்டின் பின்புறத்தில் என்றால் கழற்றிக் கார்டில் செருகி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஆறாம் தலைமுறை ஐ3 லேப்டாப். ரெண்டரர் வரியில் இன்டெல் என்று சரியாகவே வருகிறது, டெஸ்க்டாப்பும் வேகம். யூடியூப் 1080பி மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறது, ஃபேன் அலறுகிறது. — வங்கி ஊழியர்

பதில்: படம் வரைவது ஒரு வேலை, சுருக்கப்பட்ட வீடியோவைப் பிரிப்பது வேறு வேலை. சிப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி. உங்களுக்கு முதலாவது ஓடுகிறது, இரண்டாவது ஓடவில்லை.

வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" என்பதைத் திறந்து, கோடெக்ஸ் வரியைப் பாருங்கள். ஏவிசி1 என்றால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. விபி9-ஐ முழுதாகப் பிரிக்கும் பகுதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1 பதினோராம் தலைமுறையில். உங்கள் சிப்புக்குத் தெரிந்தது எச்.264. யூடியூப் அனுப்புவது பெரும்பாலும் மற்ற இரண்டும். ஆகவே பிராசசர் தலையில் விழுகிறது. எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் பிரவுசரில் போட்டால் யூடியூபிடம் எச்.264 மட்டும் கேட்டு வாங்கும். 1080பி வரைதான் கிடைக்கும், உங்கள் லேப்டாப் திரைக்கு அது போதும்.

அதற்குப் பிறகும் சிப் பிரிக்கிறதா என்று பாருங்கள். இன்டெல்-ஜிபியு-டூல்ஸ் பேக்கேஜில் இருக்கும் இன்டெல்-ஜிபியு-டாப் புரோகிராமை சூடோவோடு ஓட்டிவிட்டு (பெயரில் இரண்டு இடத்திலும் அடிக்கோடு) வீடியோவைப் போடுங்கள். "வீடியோ" என்ற வரிசையில் பட்டை அசைந்தால் வேலை நடக்கிறது. பூஜ்யத்திலேயே கிடந்தால் "விஏஇன்ஃபோ" கொடுங்கள். அது பட்டியல் தராமல் பிழை காட்டினால் இன்டெல்-மீடியா-விஏ-டிரைவர் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கிறது. இது ஐந்தாம் தலைமுறை முதல். அதற்கு முந்திய மெஷின்களுக்கு ஐ965-விஏ-டிரைவர் (மேலே கழற்றிவிட்டதாகச் சொன்ன ஐ965 வேறு, இது வீடியோ பிரிக்கும் தனி டிரைவர்). பயர்ஃபாக்ஸ் என்றால் 115 அல்லது புதியது வேண்டும், லினக்ஸில் இன்டெல் சிப்புகளுக்கு வீடியோ பிரித்தலை இயல்பாகவே இயக்கியது அந்தப் பதிப்பில்தான்.

ஏஎம்டி சிப்பில் ஃபெடோரா ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. காப்புரிமைச் சிக்கலால் ஃபெடோரா தன் மீசாவிலிருந்து எச்.264, எச்.265 பிரித்தலை 2022-இல் எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தில் ஃப்ரீவேர்ல்டு என்று முடியும் மீசா பேக்கேஜ் இருக்கிறது, அதைப் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: ரைசன் 5600ஜி, 16 ஜிபி ரேம். தங்கையின் மெஷினும் அதே பிராசசர், அதே 16 ஜிபி, அதே மின்ட். ஒரே கேம் அவளிடம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, என்னிடம் இல்லை. மீசா பதிப்பும் ஒன்றுதான். — வாசகி

பதில்: உங்களிடம் 16 ஜிபி ஒரே குச்சியாகவும் அவரிடம் இரண்டு 8 ஜிபி குச்சிகளாகவும் இருக்கும். தனிக் கார்டு இல்லாத மெஷினில் கிராபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது, ரேமில்தான் பங்கு போடுகிறது. டிடிஆர்4-3200 ஒரு குச்சி விநாடிக்கு 25.6 ஜிபி தரும், இரண்டு சேனலில் இரண்டு குச்சி 51.2 ஜிபி. உள்ளமைந்த ரேடியானுக்கு முதலில் தட்டுப்படுவது இந்த வழித்தடம்தான்.

"சூடோ டிஎம்ஐடிகோட் மைனஸ் டி மெமரி" கொடுத்தால் எந்தச் சாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும். நான்கு சாக்கெட் உள்ள போர்டில் இரண்டு குச்சி என்றால், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுவதே வழக்கம். பக்கத்துப் பக்கத்தில் செருகினால் பல போர்டுகளில் இரண்டும் ஒரே சேனலுக்குப் போய்விடும், காசு வீண். அதே பட்டியலில் கான்ஃபிகர்டு மெமரி ஸ்பீடு என்ற வரியையும் பாருங்கள். 3200 குச்சி வாங்கியும் அங்கே 2133 அல்லது 2400 என்று இருந்தால், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி (சில போர்டுகளில் டிஓசிபி) அமைப்பு பயாஸில் அணைந்திருக்கிறது. அதை இயக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு குச்சி வாங்கலாமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என்விடியா டிரைவர் அப்டேட் ஆனபின் பிளெண்டர் மட்டும் படு மெதுவு. மற்ற எல்லாம் சரி. என்விடியா-எஸ்எம்ஐயும் ஒழுங்காகக் காட்டுகிறது. — அனிமேஷன் பயிற்சியாளர்

பதில்: பிளெண்டரை ஃபிளாட்பேக்காக, அதாவது தனிப் பெட்டிக்குள் ஓடும் பேக்கேஜாகப் போட்டிருப்பீர்கள். ஃபிளாட்பேக் புரோகிராம்கள் உங்கள் சிஸ்டத்தின் என்விடியா கோப்புகளைத் தொடாது, தங்களுக்கென்று ஒரு பிரதியை வைத்திருக்கும். அதன் பதிப்பும் கர்னலில் ஓடும் டிரைவரின் பதிப்பும் கடைசிப் புள்ளி வரை ஒத்திருக்க வேண்டும். சிஸ்டம் அப்டேட் ஆகி ஃபிளாட்பேக் ஆகாவிட்டால், அந்தப் பெட்டிக்குள் மட்டும் எல்எல்விஎம்பைப் வந்துவிடும். "ஃபிளாட்பேக் அப்டேட்" கொடுத்துவிட்டு பிளெண்டரை மூடித் திறங்கள். சிஸ்டத்தில் டிரைவர் மாறிய பிறகு இன்னும் ரீஸ்டார்ட் செய்யவில்லை என்றால் அதை முதலில் செய்யுங்கள். கர்னலில் பழைய மாட்யூல் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஃபிளாட்பேக் அந்தப் பழைய எண்ணுக்கான கோப்புகளையே தேடிக்கொண்டிருக்கும்.